இன்டர்ன்ஷிப்புக்கு முதல்முறை பர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதுகிறவர்களுக்கு

அக்டோபர், நவம்பர் வந்தால் என் மேசையில் ஒரே மாதிரியான தாள்கள் சேர ஆரம்பிக்கும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளும் எம்எஸ்சி முதலாண்டுப் பிள்ளைகளும் "சார், ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்று வைத்துவிட்டுப் போவார்கள். பாதிக்கு மேல் "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும். மிச்சத்தில் இரண்டு மூன்றாவது அப்துல் கலாமின் கனவு மேற்கோளோடு தொடங்கும். கலாம் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தாளில் இடம் மிகக் குறைவு. அதில் மூன்று வரியை அவருக்குக் கொடுத்துவிட்டால் உங்களைப் பற்றி எழுத இடம் போதாது.

நான் வேதியியல் வாத்தியார் என்பதால் இங்கே ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்பை வைத்தே சொல்கிறேன். பெங்களூரிலும் புது தில்லியிலும் பிரயாக்ராஜிலும் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் போடுவது. தேர்வானால் கோடையில் இரண்டு மாதம், நாட்டில் எங்காவது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு விஞ்ஞானியிடம் வேலை. ஐஐடி மெட்ராஸின் கோடைக்கால ஃபெலோஷிப், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தின் திட்டம் என்று இதே ரகத்தில் இன்னும் பல இருக்கின்றன. பெரும்பாலும் மதிப்பெண் பட்டியல் தனியாகப் போகிறது, ஆசிரியரின் பரிந்துரை தனியாகப் போகிறது. நீங்களே பேசுவதற்கென்று இருப்பது இந்த ஒரு பெட்டிதான். பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்: பர்சனல் ஸ்டேட்மென்ட், எஸ்ஓபி (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்), ரைட்டப், சில படிவங்களில் வெறுமனே "ஏன் விண்ணப்பிக்கிறீர்கள்".

பணம் கட்டினால் சான்றிதழ் தருகிற இன்டர்ன்ஷிப்புகளும் ஊரெல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை, ஜிபே போதும்.

படிவத்தை முதலில் படியுங்கள்

எழுத உட்காரும் முன் படிவத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். எத்தனை சொல் என்று கேட்கிறார்களா, எத்தனை எழுத்து என்று கேட்கிறார்களா? இரண்டும் வேறு. இடைவெளியும் சேர்த்து 2000 எழுத்து என்றால் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 300 சொல்தான் வரும். போன வருஷம் ஒரு பையன் 600 சொல் எழுதிக் கொண்டுபோய் ஒட்டினான். பெட்டி பாதியில் வெட்டிவிட்டது, அவன் கவனிக்கவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் முடிந்த தாள்தான் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் கேள்வி. "உங்கள் ஆர்வம் என்ன" என்பதும், "இந்த இரண்டு மாதத்தில் என்ன செய்ய விரும்புகிறீர்கள்" என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு எழுதியதை இரண்டாவதில் ஒட்டினால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

படிக்கிறவர் யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பேராசிரியர். 8.2 சிஜிபிஏ வாங்கியவருக்கும் 8.4 வாங்கியவருக்கும் வித்தியாசம் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. அவர் மனசில் ஓடுவது இதுதான்: இந்தப் பிள்ளை எட்டு வாரம் என் லேபில் இருந்தால் என்ன செய்யும்? சொன்னதைச் செய்துவிட்டு ஓரமாக நிற்குமா, ஏதாவது தப்பாகப் போனால் தானே யோசிக்குமா?

ஒரு சம்பவம் வேண்டும்

ஆர்வம் இருக்கிறது என்று எழுதுவதற்குப் பதிலாக, ஆர்வம் இருந்தால்தான் ஒருவர் செய்திருக்கக்கூடிய ஒரு காரியத்தை எழுத வேண்டும். அதைத் தேடுவதுதான் இந்த வேலையில் பாதி.

தேட ஒரு வழி சொல்கிறேன். ரெக்கார்டு நோட்டு, மினி புராஜெக்ட் ரிப்போர்ட், போனில் இருக்கும் போட்டோக்கள், மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்தில் பாடத்திட்டம் கேட்காமல் நீங்களாகச் செய்த எதையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெரிதாக இருக்க வேண்டியதில்லை. லேபில் தப்பான ரீடிங் வந்து மறுபடி செய்தது, யூடியூப் பார்த்து ஒரு புரோகிராம் எழுதி அது ஓடாமல் போனது, அப்பாவின் கடைக் கணக்கை எக்செலில் போட்டது, தோட்டத்தில் ஒரே செடியின் இலையில் மட்டும் வந்த பூச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பு: நான் என்ன செய்தேன், எது சரியாக வரவில்லை, அதன் பிறகு என்ன கேள்வி மிச்சம் இருந்தது. மூன்றாவது குறிப்பு எந்தச் சம்பவத்துக்கு சுலபமாக வருகிறதோ அதுதான் உங்கள் சம்பவம்.

பரிசு வாங்கியது, என்எஸ்எஸ் முகாம், பேப்பர் பிரசன்டேஷன் எல்லாம் ரெஸ்யூமேயில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இங்கே மறுபடி வரிசையாக அடுக்குவது வீண்.

ஒரு மாணவியின் தாள்

சொல்வதைவிடக் காட்டுவது சுலபம். மூன்றாம் ஆண்டு பிஎஸ்சி மாணவி ஒருத்தி முதலில் கொண்டுவந்த தாளின் சாரம் இது. மூலம் ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.

"நான் ஒரு சிறிய கிராமத்தைச் சேர்ந்தவள். சிறு வயதிலிருந்தே வேதியியலில் மிகுந்த ஆர்வம் கொண்டவள். கடின உழைப்பாளி, விரைவாகக் கற்பவள், குழுவாகப் பணியாற்றக்கூடியவள். தங்களுடைய புகழ்பெற்ற நிறுவனத்தில் வாய்ப்புக் கிடைத்தால் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நாட்டுக்குச் சேவை செய்வேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவள் பெயரை எடுத்துவிட்டு வகுப்பில் யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். "லேப்ல ரெக்கார்டுல இல்லாதது எதையாவது செஞ்சு பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். தாளை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, "எங்க வீட்டு போர் தண்ணிய ஒரு தடவ கொண்டு வந்து டைட்ரேட் பண்ணேன் சார், அது கணக்குல வருமா?" என்றாள்.

வரும். உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டேன். மூன்று வரைவுக்குப் பிறகு அவள் தாளின் முதல் பத்தி இப்படி ஆனது:

"இரண்டாம் ஆண்டு லேபில் நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளை, இடிடிஏ என்ற வேதிப்பொருள் கொண்டு அளக்கும் சோதனை எங்களுக்கு இருந்தது. கொடுத்த மாதிரியை முடித்த பிறகு, எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரையும் அளந்தேன். லிட்டருக்கு 780 மில்லிகிராம் வந்தது. வேறு நீர் கிடைக்காத இடத்தில்கூட 600க்கு மேல் கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. வீட்டில் காய்ச்சித்தான் குடிக்கிறோம் என்பதால், 100 மில்லியைக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி மறுபடி அளந்தேன். குறையும் என்று நினைத்தேன், 812 ஆக ஏறியிருந்தது. இரண்டு நாள் காரணம் புரியவில்லை. காய்ச்சும்போது நீர் ஆவியாகி 85 மில்லிதான் மிஞ்சியிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்ட் வாட்டர்) சேர்த்து மறுபடி 100 மில்லி ஆக்கி அளந்தபோது 690 வந்தது. அப்படியானால் எங்கள் நீரில் பெரும்பகுதி, காய்ச்சினால் போகாத நிரந்தரக் கடினத்தன்மை."

இதில் ஆர்வம் என்ற சொல்லே கிடையாது. கடின உழைப்பாளி என்றும் எழுதவில்லை. ஆனால் தானாக ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள், தப்பு செய்தாள், தப்பை இரண்டு நாள் துரத்திப் பிடித்தாள் என்பது தெரிகிறது. அந்த 812ஐ எழுதலாமா என்று அவளுக்குத் தயக்கம். "தப்பா செஞ்சேன்னு நாமளே சொல்லணுமா சார்?" என்றாள். அந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்ததே அந்த எண்தான். லேபில் இருக்கிற எவருக்கும் அப்படி ஒரு 812 நினைவுக்கு வரும்.

அடுத்த பத்தி, மிச்சமிருந்த கேள்வி. கடினத்தன்மையை நீக்கும் அயனி பரிமாற்ற ரெசின் பற்றி அவள் படித்திருந்தாள். ரெசின் தீர்ந்ததும் உப்புக் கரைசலை ஊற்றி மறுபடி உயிர்கொடுப்பார்கள். அந்த உப்புக் கழிவு ஒரு கிராமத்தில் எங்கே போகும், திரும்ப நிலத்தடி நீருக்கே போய்விடாதா? இவ்வளவுதான், மூன்று வாக்கியம். பதில் அவளிடம் இல்லை. இருந்திருந்தால் இன்டர்ன்ஷிப் எதற்கு?

போகிற இடத்தைப் பற்றி இரண்டு வரி

இங்கேதான் பிள்ளைகள் நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவார்கள். எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார், உலகத் தரம். அங்கேயே வேலை பார்க்கிறவருக்கு அது தெரியாதா?

நீங்கள் வேலை செய்ய விரும்பும் விஞ்ஞானியின் இணையப் பக்கத்துக்குப் போங்கள். கூகுள் ஸ்காலரில் பெயரைப் போட்டால் கட்டுரைகள் வரும். கடைசி இரண்டு மூன்று வருஷத்தில் வந்தவற்றில் இரண்டை எடுத்து, சுருக்கத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். முக்கால்வாசி புரியாது, பரவாயில்லை, மூன்றாம் ஆண்டில் எனக்கும் புரிந்ததில்லை. புரிந்த கால்வாசியில் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எழுதுங்கள்: உங்கள் குழு இந்தப் பொருளை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம் என்று சோதித்திருக்கிறது, நான் கற்க விரும்புவது அதைத்தான். இல்லாவிட்டால் ஒருவேளை அவர் உங்களுக்கான ஆள் இல்லை. வேறு பெயரைத் தேடுங்கள்.

முழுக் கட்டுரையையும் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். நேர்காணல் வைத்தால் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பின் வைஸ் (WISE) போன்ற திட்டங்களில், அங்கிருக்கும் பேராசிரியரிடமிருந்து அழைப்புக் கடிதத்தை நீங்களே முதலில் வாங்க வேண்டும். அதற்கு அனுப்பும் மின்னஞ்சலும் இதே சரக்கின் சுருக்கம்தான்: சம்பவம் மூன்று வரி, கேள்வி ஒரு வரி, அவர் வேலையோடு தொடர்பு ஒரு வரி. இருநூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, இப்படிப் பத்துப் பேருக்கு அனுப்புவது மேல்.

தமிழில் பேசி ஆங்கிலத்தில் எழுதுவது

தமிழ்வழிப் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் யோசிக்க உட்கார்ந்தவுடன் பேஷனேட், எஸ்டீம்ட் இன்ஸ்டிட்யூஷன், குவிக் லேர்னர் என்று ஏற்கெனவே எங்கோ கேட்ட சொற்கள் மட்டும்தான் வருகின்றன. சொந்தக் கதை பின்னால் போய்விடுகிறது.

நான் சொல்லும் வழி இது. வாட்ஸ்அப்பில் நண்பர் ஒருவருக்குக் குரல் பதிவாக அந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள், பேச்சுத் தமிழிலேயே, இரண்டு நிமிஷம். நண்பர் வேறு துறையாக இருந்தால் இன்னும் நல்லது. காமர்ஸ் படிக்கிறவளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் யாருக்கும் புரியும். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே தமிழில் எழுதுங்கள். அதன் பிறகுதான் ஆங்கிலம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை: அளந்தேன், வந்தது, புரியவில்லை, மறுபடி செய்தேன். பன்னிரண்டு பதினைந்து சொல்லைத் தாண்டினால் இரண்டாக உடையுங்கள். எளிய இறந்தகால வாக்கியங்களில் இலக்கணப் பிழையும் குறைவாக வரும். அகராதி பார்த்துப் பெரிய சொல் போடாதீர்கள். கடன் வாங்கிய நகை மாதிரி அது தனியாகத் தெரியும்.

படிவத்துக்குள் எழுதுகிற தாளுக்கு ரெஸ்பெக்டட் சார், தேங்க்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி எதுவும் வேண்டாம். அவை லீவ் லெட்டருக்கு.

சாட்ஜிபிடியை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் எழுதி முடித்த ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை பார்க்கச் சொல்லலாம், திட்டத்தின் விதி அதைத் தடுக்காத வரைக்கும். "எனக்கு ஒரு எஸ்ஓபி எழுதிக் கொடு" என்று கேட்டால் அது வழுவழுப்பாக ஒன்றைத் தரும். அதே கேள்வியைக் கேட்ட மற்றவர்களுக்கும் கிட்டத்தட்ட அதையேதான் தந்திருக்கும். பிழை திருத்தச் சொன்னால்கூட சில சமயம் உங்கள் 812ஐத் தூக்கிவிட்டு "எதிர்பாராத சவால்களைச் சந்தித்தேன்" என்று மாற்றிவிடும். திருத்தி வந்ததை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரியர், குடும்பச் சூழல்

ஒரு செமஸ்டரில் மதிப்பெண் சரிந்திருந்தால், காரணம் இருந்தால், ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: மூன்றாம் செமஸ்டரில் டெங்கு வந்து மூன்று வாரம் வகுப்புக்குப் போக முடியவில்லை, அடுத்த செமஸ்டரில் அந்தப் பேப்பரை முடித்தேன். அவ்வளவு போதும். காரணம் சொல்ல எதுவும் இல்லையென்றால் சும்மா விடுங்கள். மதிப்பெண் பட்டியலை அவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள், நீங்கள் மறுபடி காட்டித் தர வேண்டியதில்லை.

குடும்பக் கஷ்டத்தை எழுதலாமா? என் கருத்து இது, மற்ற ஆசிரியர்கள் வேறு மாதிரி சொல்லலாம். அது உங்கள் வேலையோடு சேர்ந்து வந்தால் எழுதுங்கள். காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிற பையன் ஒருவன் பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரைப் பற்றி எழுதினான், அருமையாக இருந்தது. அப்பா கூலி வேலை பார்க்கிறார், தயவுசெய்து வாய்ப்புத் தாருங்கள் என்று மட்டும் எழுதினால் படிக்கிறவர் இரக்கப்படுவார், அடுத்த தாளுக்குப் போய்விடுவார். முதல் தலைமுறைப் பட்டதாரி, பன்னிரண்டு வரை தமிழ்வழி என்பதையெல்லாம் தகவலாக ஒரு வரியில் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல்.

கம்பெனி இன்டர்ன்ஷிப்

இன்டர்ன்ஷாலா மாதிரி தளங்களில் வரும் "உங்களை ஏன் எடுக்க வேண்டும்" பெட்டிக்கு ஐந்தாறு வரி போதும். அங்கே கேள்வியைவிட முடித்துக் காட்டிய வேலைக்குத்தான் மதிப்பு. என்ன செய்தீர்கள், எதை வைத்துச் செய்தீர்கள், எங்கே பார்க்கலாம் என்று கிட்ஹப் இணைப்போ டிரைவ் இணைப்போ கொடுங்கள். இணைப்பு யார் வேண்டுமானாலும் திறக்கும்படி இருக்கிறதா என்று வேறொரு போனில் சோதித்துவிடுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், செமஸ்டர் தேர்வு எப்போது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

அனுப்பும் முன்

பரிந்துரைக் கடிதம் தருகிற ஆசிரியரிடம் கடைசி தேதிக்கு இரண்டு வாரமாவது முன்னால் போங்கள், உங்கள் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு. நாளைக்கு மாலை ஐந்து மணிக்குள் வேண்டும் சார் என்று வந்து நிற்கிறவருக்கு நான் எழுதும் கடிதமும் அந்த அவசரத்தில்தான் இருக்கும். தாளை முன்பே படித்திருந்தால் தண்ணீர் பாட்டில் கதையை நான் என் கடிதத்தில் வேறு கோணத்தில் சொல்ல முடியும்.

இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள், ஒருவர் உங்கள் துறை, ஒருவர் வேறு துறை. பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்துத் திருத்தம் வந்து, கடைசியில் தாள் யாருடையதாகவும் இருக்காது. பிறகு நீங்களே சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை உடையுங்கள்.

வேர்டிலிருந்து ஒட்டும்போது மேற்கோள் குறிகளும் டிகிரி அடையாளமும் சில படிவங்களில் கேள்விக்குறியாக மாறிவிடும். ஒட்டிய பிறகு பிரிவ்யூவில் ஒருமுறை முழுசாகப் படியுங்கள். கடைசி நாள் ராத்திரி சர்வர் திணறும், அதனால் இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. நான் எம்எஸ்சி படிக்கும்போது ஒரே வாரத்தில் மூன்று இடங்களுக்குப் போட்டேன். ஒன்றுக்கு எழுதியதை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி மற்ற இரண்டுக்கும் அனுப்பினேன். முதல் பத்தியில் மாற்றினேன், கடைசிப் பத்தியில் மறந்துவிட்டேன். உங்கள் நிறுவனத்தில் சேர்வதே என் லட்சியம் என்று எழுதி, அதில் வேறொரு நிறுவனத்தின் பெயர். பதிலே வரவில்லை, வந்திருந்தால்தான் ஆச்சரியம். இன்றும் பிள்ளைகளின் தாளைக் கையில் வாங்கினால் என் கண் முதலில் கடைசிப் பத்திக்குத்தான் போகும். நீங்கள் கண்ட்ரோல் எஃப் அழுத்தி, இதற்கு முன் விண்ணப்பித்த இடத்தின் பெயரைத் தேடுங்கள். "எதுவும் கிடைக்கவில்லை" என்று வந்தால் அனுப்பலாம்.

அனுப்பியதைப் பிடிஎஃப் ஆக்கி, தேதி போட்டு, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். நான்கைந்து மாதம் கழித்துத் திடீரென்று அழைப்பு வரும்போது என்ன எழுதினோம் என்பது சுத்தமாக மறந்திருக்கும். அந்த மாணவிக்கு மார்ச் மாதம் ஒரு நாள், பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அழைத்தவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த 812 எப்படி வந்தது, சொல்லுங்கள்."